சிக்னல்காரருக்கு ஒரு நாற்காலி

ரத்தினவேல் விருதுநகர்ப் பக்கத்துக்காரன். ஓசூர் சிப்காட்டில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் ஆறு வருடம் கம்ப்யூட்டர் பிரிவில் கேபிள் இழுத்தவன். இரண்டாயிரத்து ஏழில் அந்த வேலையை உதறிவிட்டு, வீடுகளுக்கும் கம்பெனிகளுக்கும் வைஃபை போட்டுக்கொடுக்கும் தொழிலில் சொந்தமாக இறங்கினான். விசிட்டிங் கார்டில் அவன் பெயருக்குக் கீழே ‘புரொஃபஷனல் தரம்’ என்று தங்க நிறத்தில் அச்சடித்திருந்தது. அதை அவன் அழகுக்காகப் போடவில்லை. கடையில் ஒரு டப்பாவை வாங்கி டிவி மேல் வைத்துவிட்டு, மொட்டைமாடி வரைக்கும் எட்டும் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் அவனுக்கு அறவே ஆகாது. அவன் வைத்தால் இரும்புக் குழாய், கிளாம்ப், மழை புகாத பெட்டி, இடிக்கு எர்த் கம்பி எல்லாம் இருக்கும். ஒரு ஆணி அடிக்கும் முன்னும் ரசமட்டம் வைத்துப் பார்ப்பான்.

அடுத்த ஜனவரியில் கெலமங்கலத்திலிருந்து ஒரு வேலை வந்தது. கூப்பிட்டவர் கிருஷ்ணப்பன். ராகியும் தக்காளியும் போட்டுக்கொண்டிருந்த நிலத்தில் பிளாஸ்டிக் கூடாரம் கட்டி ரோஜா வளர்ப்பவர். பிப்ரவரி பதினாலுக்குக் காதலர்கள் கொடுத்துக்கொள்ளும் ரோஜாவில் ஒரு பங்கு இவர் நிலத்திலிருந்துதான் விமானம் ஏறுகிறது. அந்த வருடம் ஹாலந்தில் யான் என்று ஒரு புது வியாபாரி கிடைத்திருந்தார். அவருக்கு ஒரு பிடிவாதம். தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு, பூ கட்டும் கொட்டகையிலிருந்தே கேமராவில் பூவைக் காட்ட வேண்டும். அந்த வாரம் என்ன பூ, எவ்வளவு நீளத் தண்டு என்று நேரில் பார்த்த பிறகுதான் ஆர்டர்.

டெலிபோன் லைன் வீடு வரைக்கும்தான் இருந்தது. கொட்டகையோ வீட்டுக்குக் கிழக்கே, ஓடையும் மாந்தோப்பும் தாண்டி, கூப்பிடு தூரத்துக்கும் அப்பால்.

“கம்பி இழுத்தா எலி கடிக்குது தம்பி. ரெண்டு தடவ இழுத்துப் பாத்துட்டேன். காத்துலயே அனுப்பலாங்கறாங்களே, ஆவுமா?” என்று கேட்டார் கிருஷ்ணப்பன்.

“ஆகும் அண்ணாச்சி. நான் போட்டா புரொஃபஷனலா இருக்கும்” என்றான் ரத்தினவேல்.

வீட்டு மாடியில் ஒரு ஆன்டெனா, கொட்டகைக் கூரையில் ஒரு ஆன்டெனா, இரண்டும் முகத்தோடு முகம் பார்க்கிற மாதிரி. இரண்டு நாள் வேலை. மாடியில் கைப்பிடிச் சுவரும் படிக்கட்டும் போக மீதி இடத்தில் ஒரு பெரிய கறுப்புத் தண்ணீர்த் தொட்டி உட்கார்ந்திருந்தது. அந்த வாரம் மோட்டார் எரிந்து, காயில் கட்டுவதற்குக் கடைக்குப் போயிருந்ததால் தொட்டி காலி. ரத்தினவேல் அதைத் தட்டிப் பார்த்தான். மத்தளம் மாதிரிச் சத்தம் வந்தது. வெறும் பிளாஸ்டிக், ஒன்றும் செய்யாது என்று அதன் மேற்குப் பக்கமாகவே குழாயை நிறுத்தினான். சிக்னல் முழுசாக ஐந்து கோடு நின்றது. கிருஷ்ணப்பனின் மகள் ஸ்வாதி கொட்டகையில் லேப்டாப்பைத் திறந்து ஹாலந்துக்காரரைக் கூப்பிட்டாள். யானின் முகமும் வழுக்கையும் பளிச்சென்று வந்தன. ஸ்வாதி ஓசூரில் பி.காம். படித்து முடித்தவள். அப்பாவின் தக்காளித் தமிழை யானுக்குப் புரியும் ஆங்கிலமாக மாற்றும் பொறுப்பு அவளுடையது.

நாலாம் நாள் போன் வந்தது.

“தம்பி, காலைல கொஞ்ச நேரம் நல்லா வருது. பன்னெண்டு மணிக்கு மேல ஒண்ணுமே இல்ல. அந்த ஆளு வர்ற நேரம் பாத்து ஓடிப்போவுது.”

ரத்தினவேல் “இந்தா கிளம்பிட்டேன்” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தபோது வாசல் முழுக்க ஈரம். கிருஷ்ணப்பன் மனைவி நஞ்சம்மா அப்போதுதான் ஹோஸ் பைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வழுக்காமல் மாடி ஏறினான். ஐந்து கோடு. கொட்டகைக்குப் போனான். அங்கேயும் ஐந்து கோடு. யான் வழுக்கையைத் தடவிக்கொண்டு தெளிவாகத் தெரிந்தார்.

“இப்ப வருது. நீ வர்றதுக்கு முன்னால வரல. சத்தியமா வரல” என்றார் கிருஷ்ணப்பன், பல் வலி டாக்டரைப் பார்த்ததும் நின்றுபோனவர் முகத்தோடு.

அந்த வாரத்தில் இன்னும் இரண்டு தடவை அதே கதை நடந்தது. போன் வரும், ரத்தினவேல் கிளம்புவான், வாசல் ஈரமாக இருக்கும், சிக்னல் முழுசாக இருக்கும். அவன் பெட்டியை மாற்றினான், ஒயரை மாற்றினான், சேனலை மாற்றினான். கெலமங்கலம் சந்தைக்கு வரும் லாரிகளின் மேல் சந்தேகப்பட்டு அரை நாள் ரோட்டில் நின்று எண்ணிப் பார்த்தான். பக்கத்துத் தோட்டக்காரர் சிக்னலைக் கெடுக்கிற மைக்ரோவேவ் அடுப்பு ஏதாவது வாங்கியிருக்கிறாரா என்று விசாரித்தான். அவர் வீட்டில் விறகடுப்பு. ராத்திரி படுத்தால் விசிட்டிங் கார்டின் தங்க எழுத்து கண்ணில் குத்தியது.

மூன்றாம் தடவை கிளம்பும்போது கிருஷ்ணப்பன் அவன் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டார்.

“இத வச்சிட்டுப் போ.”

“எதுக்கு அண்ணாச்சி?”

“நீ இருந்தா வருது, போனா போவுது. உன் பொருள் ஏதாச்சும் ஒண்ணு இருந்தா பாக்கலாம்.”

“அண்ணாச்சி, இது சயின்ஸ். ஹெல்மெட்டுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”

“சம்பந்தம் இருந்தா தெரிஞ்சிட்டுப் போவுது, இல்லேன்னா நாளைக்கு வாங்கிக்க.”

ரத்தினவேல் தலைக்குத் துண்டைக் கட்டிக்கொண்டு ஓசூர் போய்ச் சேர்ந்தான். மறுநாள் ஹெல்மெட்டை ஆன்டெனாக் குழாயின் உச்சியில் கவிழ்த்து வைத்துப் பார்த்தார்களாம். ஒரு கோடுகூட வரவில்லை. அதற்கு அடுத்த நாள் அவன் மறந்துவிட்டுப் போன ஸ்க்ரூ டிரைவருக்குக் குங்குமம் வைத்து ரவுட்டர் பக்கத்தில் படுக்க வைத்தார்கள். அதுவும் பலிக்கவில்லை.

“ஆளே வேணும் போல இருக்குது. ஆர்டர் முடியற வரைக்கும் தெனம் வந்து உக்காந்துட்டுப் போ தம்பி. சாப்பாடு நம்ம வீட்லதான்” என்றார் கிருஷ்ணப்பன்.

ரத்தினவேலுக்கு அழுகை வராத குறை. ரசமட்டம் வைத்து வேலை செய்கிறவனைத் தாயத்து மாதிரிக் கட்டித் தொங்கவிடப் பார்க்கிறார்களே! ஆனாலும் கோளாறு என்னவென்று கண்டுபிடிக்காமல் விட அவனுக்கு மனசில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் என்றாவது பிடிபடும் என்று ஒத்துக்கொண்டான். நஞ்சம்மாவின் கொள்ளுக் குழம்பைப் பற்றியும் அவன் கொஞ்சம் யோசித்தான் என்பதை மறைப்பதற்கில்லை.

கொட்டகையில் லேப்டாப்புக்குப் பக்கத்தில் அவனுக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். தினமும் ஒரு மணிக்கு வருவான், ஈரமான வாசலைத் தாண்டுவான், சாப்பிடுவான், கொட்டகைக்குப் போய் நாற்காலியில் உட்காருவான். சிக்னல் ஒரு நாளும் தவறவில்லை. அவன் தண்ணீர் குடிக்க எழுந்தால்கூடப் பூ கட்டும் பெண்கள், “ஐயோ, எந்திரிக்காதீங்க சார், நாங்க கொண்டாந்து தர்றோம்” என்று கூவினார்கள். மூலையில் சும்மா உட்கார்ந்திருக்கும் இந்த ஆள் யார் என்று ஒரு நாள் யான் கேட்டார். ஸ்வாதி சிரிக்காமல், “இவர்தான் எங்கள் வைஃபை” என்று ஆங்கிலத்தில் சொன்னாள். யான் மரியாதையாகக் கையசைத்தார். ரத்தினவேலும் அசைத்தான். வேறு என்ன செய்வது?

பிப்ரவரி நாலாம் தேதி பெரிய நாள். அன்றைக்கு யான் தன் முதலாளியம்மாவைக் கேமரா முன் உட்கார வைக்கப்போகிறார். அவருக்குப் பிடித்துவிட்டால் இரண்டு கூடாரத்துச் சிவப்பு ரோஜாவும் மொத்தமாகப் போகும். கிருஷ்ணப்பன் வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். ஸ்வாதி முக்கால் மீட்டர் தண்டுள்ள பூக்களாகப் பொறுக்கிக் கொத்துக் கட்டி வைத்திருந்தாள். ரத்தினவேல் ஒரு மணிக்கு வந்தான், சாப்பிட்டான், நாற்காலியில் உட்கார்ந்தான்.

ஒரு கோடுகூட இல்லை.

“நல்லா உக்காருப்பா” என்றார் கிருஷ்ணப்பன்.

நல்லா உட்கார்ந்தான். வரவில்லை. நாற்காலியைக் கிழக்கே பார்த்துப் போட்டார்கள். வரவில்லை. நேற்றுப் போட்டிருந்த சட்டை எங்கே என்று ஒரு பெண் கேட்டாள். மணி ஒன்று நாற்பது. கிருஷ்ணப்பனுக்குக் கோபம் வந்தால் பேச்சு தெலுங்குக்கு மாறிவிடும்.

“ஏமய்யா இதி? ஏமி சேசாவு நுவ்வு?” என்று கத்திவிட்டுத் தமிழுக்குத் திரும்பினார். “என்ன பண்ணே நீ? நேத்து ராத்திரி ஏதாச்சும் கவிச்சி தின்னியா?”

“தயிர்சாதம் அண்ணாச்சி!” என்று கத்திக்கொண்டே ரத்தினவேல் வீட்டைப் பார்த்து ஓடினான்.

ஓடையைத் தாண்டி, மாந்தோப்பைத் தாண்டி, வாசலை ஒரே எட்டில் கடந்து மாடி ஏறினான். மூச்சு வாங்கியது. முகம் எரிந்தது. தொட்டியின் மூடியைத் தூக்கி, முகம் கழுவலாம் என்று கையை விட்டான். விளிம்பு வரை தளும்பிக்கொண்டிருந்தது தண்ணீர். சட்டைக் கை நனைந்தது. நனைந்த கையோடு அப்படியே நின்றான்.

இந்தப் பக்கம் ஆன்டெனா. அந்தப் பக்கம், தோப்புக்கு அப்பால், கொட்டகை. நட்டநடுவில் ஆயிரம் லிட்டர் தண்ணீர். சிக்னல் பிளாஸ்டிக்கைத் தாண்டும், தண்ணீரைத் தாண்டாது. தொழிலுக்கு வந்த முதல் மாதம் படிக்கிற பாடம் அது. அவனே இரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறான்.

அப்படியானால் இத்தனை நாள் எப்படி வந்தது? கைப்பிடிச் சுவரில் குனிந்து கீழே பார்த்தான். வாசல் காய்ந்து கிடந்தது. அதனால்தான் ஷூவைக் கழற்றாமல் ஓடி வந்திருக்கிறான்.

“அக்கா! இன்னிக்கு வாசல் கழுவலியா?”

நஞ்சம்மா வெளியே வந்து மேலே அண்ணாந்து பார்த்தாள்.

“இல்லியேப்பா. ஏன்?”

“தெனம் கழுவுவீங்களே!”

“வெளியாளுங்க வந்தா கழுவுவேன். ரோட்டு வாசல், கார், மாட்டுக்கொட்டா எல்லாம் சேத்துக் கழுவி உட்ருவேன். காலைல எல்லாம் புழங்கித் தீந்ததும் பன்னெண்டு மணிக்கு ரொப்பற தொட்டில முக்காவாசி இதுக்கே போயிடும், மறுபடி மோட்டாரு சாயங்காலந்தான் போட முடியும். நீ இப்ப நம்ம வீட்டுப் புள்ள ஆயிட்டே. உனக்குப் போய் எதுக்குக் கழுவணும்னு இன்னியோட நிறுத்திட்டேன்.”

இப்படி ஒரு பாசம் இப்படி ஒரு நேரத்தில் தன்மேல் வந்து விழும் என்று ரத்தினவேல் நினைக்கவே இல்லை.

“அக்கா, நான் வெளியாளுக்கா! ரொம்ப வெளியாளு! கழுவுங்க, இப்பவே கழுவுங்க! இருக்கிற எல்லாக் குழாயையும் திறந்துவிடுங்க!”

நஞ்சம்மா காரணம் கேட்கவில்லை. கழுவு என்று ஒருத்தர் சொல்லி, அதுவும் கெஞ்சிச் சொல்லி, அவள் கேட்பது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஹோஸ் பைப்பை எடுத்தாள். வாசல், படி, கார், திண்டு, துளசி மாடம், உரமூட்டை அடுக்கிய இடம் என்று ஒன்றையும் விடவில்லை. ரத்தினவேல் வீட்டுக்குள் ஓடி நாலு குழாயைத் திறந்தான். தோட்டத்துக் குழாயையும் திறந்தான். பசுமாட்டுக்கு அன்றைக்கு இரண்டாவது குளியல். அது பாவமாகத் திரும்பிப் பார்த்தது. விஷயம் தெரியாமல், ரத்தினவேலைத் திட்டுவதற்காக ஓடி வந்த கிருஷ்ணப்பன் வாசலில் திரும்பவும், ஹோஸ் பைப்பும் அதே பக்கம் திரும்பியது. வெள்ளை வேட்டி முழுசாக நனைந்து காலோடு ஒட்டியது.

“நஞ்சா! உனக்குப் பைத்தியமா?”

“சிக்னலுங்க!” என்றாள் நஞ்சம்மா, அதற்கு மேல் விளக்கம் தேவையில்லாத குரலில்.

மணி இரண்டு ஐந்துக்கு ஸ்வாதியிடமிருந்து போன் வந்தது. ஒரு கோடு. இரண்டு ஏழுக்கு மூன்று. இரண்டு பத்துக்கு யானும் முதலாளியம்மாவும் திரையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஸ்வாதி ஒவ்வொரு பூவாகத் தூக்கிக் காட்டினாள். தண்டை ஸ்கேல் வைத்து அளந்தாள். இதழை விரித்தாள். முதலாளியம்மா அதிகம் பேசவில்லை. சொட்டச் சொட்ட நனைந்த வேட்டியோடு கிருஷ்ணப்பன் வந்து நின்று கும்பிட்டபோது மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். அங்கே மழையா என்று கேட்டார். ஸ்வாதி, ஆமாம், நல்ல மழை, பூவுக்கு ரொம்ப நல்லது என்றாள். இரண்டு கூடாரத்துப் பூவும் விலைபோயிற்று.

அன்று சாயங்காலமே ரத்தினவேல் ஆறடிக் குழாய் ஒன்றைக் கூடுதலாக இணைத்து, ஆன்டெனாவைத் தொட்டியின் தலைக்கு மேலே தூக்கிவிட்டான். மோட்டார் போட்டு, தொட்டி நிரம்பி வழியும் வரை காத்திருந்து பார்த்தான். ஐந்து கோடு அசையவில்லை. சொல்லாமலே போய்விடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. போகவில்லை. மாடியிலேயே கிருஷ்ணப்பனை நிறுத்தி வைத்து, தண்ணீரையும் சிக்னலையும் பற்றி விளக்கமாகச் சொன்னான்.

“தப்பு என் மேலதான் அண்ணாச்சி. மொத நாளே பாத்திருக்கணும். புரொஃபஷனல்னு கார்டுல போட்டுக்கிட்டுப் பாக்காம விட்டுட்டேன்.”

கிருஷ்ணப்பன் தொட்டியை ஒரு தடவை தட்டிப் பார்த்தார். அவருக்குக் கோபம் இல்லை, ஏமாற்றம்தான் தெரிந்தது.

“அப்ப உங்கிட்ட ஒண்ணுமில்லியா?” என்றார்.

“இல்ல அண்ணாச்சி.”

“ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கனே” என்று முணுமுணுத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

பெங்களூர் விமான நிலையத்துக்கு ரோஜா லாரி கிளம்பிய அன்று, அவனுக்கு ஒரு பெரிய கொத்தும் ஒரு தூக்குவாளி கொள்ளுக் குழம்பும் வந்து சேர்ந்தன. ரோஜாவைக் கொடுக்க ரத்தினவேலுக்கு ஆள் இல்லை. குழம்பைத் தீர்த்துவிட்டான்.

அடுத்த மாதம் குருபரப்பள்ளியில், ஹைவேயை ஒட்டிய ஒரு ஓட்டலுக்கு வைஃபை போடக் கூப்பிட்டார்கள். ரத்தினவேல் இறங்கியதும் பையைத் திறக்கவில்லை, ரசமட்டத்தை எடுக்கவில்லை. நேராகக் கல்லாவில் இருந்த முதலாளி கோவிந்தனிடம் போனான்.

“சார், உங்க மாடில தண்ணித் தொட்டி எங்க இருக்கு? எவ்வளவு பெருசு? எத்தன மணிக்கு நிரம்பும்?”

கோவிந்தன் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார்.

“தண்ணி கனெக்‌ஷனும் குடுக்கணுங்களா இதுக்கு?” என்றார் கவலையோடு. “அர இஞ்சு பைப் போதுமா, முக்கா இஞ்சா?”