மச்சானின் வயிற்றுக் கிருமிகள்

கிள்ளையில் இறால் குளம் வைத்திருக்கும் கார்த்திகேசனுக்கு டாக்டர்களைக் கண்டாலே ஆகாது. மனைவி ரத்தினம்மாளுக்கு வயிறு கலங்கினால் நேராக மெடிக்கலுக்குப் போவார். "போன தடவ குடுத்தியே, அதே மாத்திர." அவளுக்கு நாலு, முன்ஜாக்கிரதையாகத் தனக்கும் நாலு. இந்த முறை அது பலிக்கவில்லை. நாளொன்றுக்குப் பதினைந்து தடவை பேதி, ரத்தத்தோடு. சிதம்பரம் ஆஸ்பத்திரியில் சேர்த்து, ரெண்டு சுற்று மருந்து கொடுத்தும் நோய் திரும்பியது. ஆள் பாதியாகிவிட்டாள்.

டாக்டர் ஃபர்ஹானா சுற்றி வளைக்கவில்லை.

"கண்ட மாத்திரையில குடல்ல இருந்த நல்ல கிருமியெல்லாம் செத்துடுச்சு. சாகாத கெட்டது ஒண்ணு எடத்தப் புடிச்சிக்கிச்சு. உடம்போட காவல் படைய அடக்கி வைக்கிறதே நல்ல கிருமிங்கதான். அதுங்க இல்லாததால படை சொந்தக் குடலையே பொசுக்குது. ஆரோக்கியமான ஒருத்தரோட மலத்த டெஸ்ட் பண்ணி, கரைச்சி வடிகட்டி உள்ள ஏத்தணும். இல்லன்னா உயிருக்கே ஆபத்து."

"யாருகிட்டம்மா காது குத்துற?" என்று எகிறிவிட்டுக் கார்த்திகேசன் வெளியே வந்தார்.

போன் அடித்தது. குளத்தைப் பார்த்துக்கொள்ளும் மச்சான் செம்பியன், ரத்தினம்மாளின் தம்பி.

"மாமா, பிளீச்சிங் போட்டு முடிச்சாச்சு. எறா குஞ்சு விட்டுடலாமா?"

"அறிவிருக்கா ஒனக்கு? நல்லது கெட்டது எல்லாமே செத்துக் கெடக்கு. தவிடும் வெல்லமும் ஊறவச்சி நல்ல கிருமிய வளத்து ஊத்தாம வுட்டா, கெட்டது முந்திக்கும். அப்புறம் ஒரு குஞ்சுகூட..."

பாதியிலேயே போனை வைத்தார். இருபது வருஷமாகக் குளத்துக்குச் செய்கிற வேலை.

திரும்பி உள்ளே போனார். "என்னோடத எடுத்துக்கம்மா."

"நீங்களும் அதே மாத்திரதானே முழுங்கியிருக்கீங்க? ஆகாது."

பெண் கேட்டுப் போனபோதுகூட மச்சான் வீட்டில் தலை குனியாத மனுஷன் போனை எடுத்தார். "மச்சான், நீ மாத்திர கீத்திர எதாவது போடுவியா?"

"போட்டதே இல்ல மாமா. ஏன்?"

விஷயத்தைக் கேட்டதும் செம்பியன் விழுந்து விழுந்து சிரித்தான். "அக்காவுக்குன்னா கிட்னியே தருவேன், இத தரமாட்டனா? ஊர்ல மட்டும் மூச்சு வுட்டுறாத."

டெஸ்ட்டில் அவன் தேறினான். ஏற்றி ஐந்தாம் நாள், ரத்தினம்மாள் ஒரே ஒரு தடவைதான் எழுந்து போனாள். ரத்தம் இல்லை. கார்த்திகேசன் டாக்டரை நிறுத்திவைத்துச் சொன்னார்:

"கண்ணுக்கே தெரியாத உசுரு. கூலி கேக்காம இத்தன வருஷம் அவ வயித்த காத்துருக்கு. நாந்தான் காசு குடுத்துக் கொன்னுருக்கேன்."

"அங்க என்னா பேச்சு?" உள்ளேயிருந்து ரத்தினம்மாள் கத்தினாள். "பசிக்குதுய்யா."