நெஞ்சுக்குள் ஒரு துளசிமணி

"நெஞ்சுக்குள்ள துளசிமணி முளைச்ச மனுஷன் மூணு லோகத்துலயும் நான் ஒருத்தன்தான், தெரிஞ்சுக்கோ!" என்று அறிவித்தபடியே செருப்பைக் கழற்றினார் வேதாந்தம்.

சேப்பங்கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்த ஹம்ஸா தலை நிமிரவில்லை. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் வேதாந்தம். ஆனால் அவர் சொல்லைக் கேட்டால், கரி தீர்ந்துபோன எஞ்சினை வாயால் ஊதியே விழுப்புரம் வரை ஓட்டியவர். முக்கொம்பில் திகைத்து நின்ற காவிரிக்கு, 'இந்தப் பக்கம்மா' என்று வழி காட்டியவரும் அவரே. கல்யாண நாளிலிருந்து கேட்டுக் கேட்டு, ஹம்ஸாவின் காதில் பொய்யைச் சலிக்க ஒரு சல்லடையே முளைத்திருந்தது.

"இருமலுக்கு மருந்து வாங்கப் போனவர் தோட்டம் போட்டுண்டு வந்திருக்கேளாக்கும்?"

"கேளேன்! எக்ஸ்ரே எடுத்தா. இப்பல்லாம் டாக்டரோட சேர்ந்து கம்ப்யூட்டரும் படம் பாக்கறது. சந்தேகம் வந்த இடத்துல சிவப்புக் கட்டம் போடறது. என் படத்துல பாத்தா, மார்கழிக் கோலம் மாதிரி கட்டம் கட்டமா! டாக்டர் ஆரிஃபா விழுந்து விழுந்து சிரிச்சா. 'பெரியவரே, பனியனுக்குள்ள என்ன ஒளிச்சு வச்சிருக்கீங்க?'ன்னு கேட்டா."

"துளசிமணி மாலையைக் கழட்டச் சொல்லியிருப்பாளே?"

"சொன்னா. நான் கழட்டறவனா? உள்ள தள்ளிட்டேன். அந்த மண்டுக் கம்ப்யூட்டர், வெள்ளிப்பூண் கட்டின மணியையெல்லாம் வியாதின்னு நினைச்சுடுத்து. மறுபடி எடுத்தா. எல்லாக் கட்டமும் போயிடுத்து, ஒண்ணே ஒண்ணைத் தவிர. உள்ளயே ஒரு மணி, ஹம்ஸா! பெருமாளே வச்சிருக்கார்!"

"பெருமாளுக்கு வேற வேலை இல்லை..." என்று சிரித்தபடி நிமிர்ந்தவளின் சிரிப்பு பாதியில் நின்றது.

அவர் கழுத்து வெறுமையாக இருந்தது. டைபாய்டில் பிதற்றியபோதும் கழற்றாத மாலை, சட்டைப்பையில் சுருண்டு கிடந்தது. மாலையைக் கழற்றியது நிஜம் என்றால், மறுபடி படம் எடுத்ததும் நிஜம். அப்படியென்றால் அந்த ஒற்றைக் கட்டமும்...

"ஏன்னா, டாக்டர் என்ன சொன்னா?"

"ஸ்கேன் எடுக்கணுமாம். பங்குனி உத்திரம் ஆகட்டுமே." உலகத்தையே ஊதித் தள்ளுகிற குரல், ஊதுவத்திப் புகை மாதிரி மெலிந்திருந்தது.

ஹம்ஸா கையைக் கழுவினாள். கிழங்கு கிடந்தபடி கிடந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன ஆட்டோ பாலம் தாண்டும்வரை அவர் கையை அவள் விடவேயில்லை.

ஸ்கேனைப் பார்த்த டாக்டர் ஆரிஃபா சொன்னார்: "எக்ஸ்ரேல இந்தக் கட்டி விலா எலும்பு நிழல்ல ஒளிஞ்சிருந்ததும்மா. நான் மட்டும் பார்த்திருந்தா எலும்புன்னு தாண்டிப் போயிருப்பேன். மாலையைப் பார்த்து ஏமாந்த அதே மிஷின், இதை மட்டும் விடமாட்டேன்னுது. புத்துநோய்தான். ஆனா முளையிலேயே இருக்கு, கிள்ளிடலாம்."

கிள்ளிவிட்டார்கள்.

தையல் ஆறியதும், எடமலைப்பட்டி புதூரிலிருந்து சாத்துக்குடியோடு வந்தார் ஒர்க்‌ஷாப் நண்பர் அமிர்தராஜ். வேதாந்தம் தலையணையில் சாய்ந்து தர்பார் நடத்தினார். "கட்டி எலுமிச்சம்பழம் தண்டிடா! அதைக் கண்டதும் கம்ப்யூட்டர் எழுந்து நின்னு கைகூப்பித்துன்னா பாரேன்!"

அமிர்தராஜ் வழக்கம்போல ஹம்ஸா பக்கம் திரும்பினார். "என்னம்மா, கால்வாசியாவது நிஜம் தேறுமா?"

ஹம்ஸா, வேதாந்தத்தின் கழுத்தில் திரும்பிக் கிடந்த மாலையை நேராக்கினாள்.

"சுண்டைக்காய் அளவுதாண்ணா. கைகூப்பினது கம்ப்யூட்டர் இல்லை, நான். மத்தபடி... நடந்ததுதான்."