முதல் போதும் கணக்கில் சேராது

சென்னையில் ஆட்டு விலா எலும்பை ஒழுங்காகச் சுட்டுத் தரும் கடை எது என்று கேட்டால் இளமாறன் தூக்கத்திலும் சொல்வான். ஒரு மாதமாக ஞாயிறு தவறாமல் தின்று பார்த்திருந்தான். வேளச்சேரியில் எலும்பு இருந்தது, கறி இல்லை. அண்ணா நகரில் கறி இருந்தது, ஆனால் சாஸ் என்ற பெயரில் வெல்லப்பாகை ஊற்றியிருந்தார்கள். கரும்பு பயிரிடுகிற வருங்கால மாமனாரைக் கூட்டிவந்து பாகு நக்கச் சொல்ல முடியுமா? கடைசியில் துரைப்பாக்கத்தில் ஒரு மாடிக் கடை அகப்பட்டது. கரி அடுப்பு, உப்பு, மிளகு, அவ்வளவுதான். முதல் கடியிலேயே தனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டதாக அவனுக்குத் தோன்றியது.

விஷயமே கல்யாணம்தான். அவன் சங்கராபுரம், தேவதர்ஷினி மூங்கில்துறைப்பட்டு. பக்கத்து ஊர்ப் பெண்ணைப் பார்க்க அந்த அசடு சென்னை அலுவலகம் வரை வரவேண்டியிருந்தது. அவள் அப்பா ராஜாங்கம் கல்வராயன்மலை ஆட்டின் நெஞ்செலும்பைக் கடித்தே வளர்ந்தவர். பார்பிக்யூ ரிப்ஸ் என்று சுட்ட விலா எலும்பைப் போனில் பார்த்ததிலிருந்து அவருக்கு அதே நினைப்பு. மகளிடம் சொல்லிவிட்டார்: "பையன் இன்னா சம்பளம்னு நான் கேக்கல. வர்ற மனுசனுக்கு வயிறாரப் போடத் தெரியுதான்னு பாக்கறேன். மத்தத அப்புறம் பேசிக்கலாம்."

ஞாயிறு மதியம் வெள்ளை வேட்டி, தோளில் துண்டோடு மகளையும் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மேசையில் ஒரு குட்டிக் கொடி. அது நிற்கும்வரை தட்டுத் தட்டாக வரும், சாய்த்தால் நின்றுவிடும் என்று பரிமாறுகிறவர் விளக்கினார். முதலில் கோழி, பிறகு மீன், கடைசியில்தான் ரிப்ஸ்.

இரண்டு துண்டு கோழி விழுந்ததும் ராஜாங்கம் தட்டின்மேல் கையை விரித்தார். "போதும்ங்க."

பரிமாறுகிறவர் பணிவாகக் கொடியைச் சாய்த்தார். இளமாறன், பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, சரிங்க ஐயா என்று சொல்லி, ஐஸ்கிரீம் கொண்டுவரச் சொன்னான். சென்னையில் ஏழு வருடம் இருந்ததில் புத்தி அப்படி மழுங்கியிருந்தது.

ராஜாங்கம் ஐஸ்கிரீமைத் தொடவில்லை. பக்கத்து மேசைக்கு விலா எலும்பு புகையோடு போனது. அவர் கண்ணும் கூடவே போய்விட்டுத் தனியாகத் திரும்பியது. ஊருக்கு மூணு மணி பஸ் இருப்பதாகச் சொல்லித் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

தர்ஷினி இளமாறன் காலை நறுக்கென்று மிதித்தாள். "நம்ம பக்கம் மொத போதும் கணக்கா? நீ வற்புறுத்தி வைக்கல. அதான் எழுந்துட்டாரு."

அட மடையா என்று தன்னையே திட்டிக்கொண்டான். ஊர் விருந்தில் முதல் போதும் மரியாதைக்கு, இரண்டாவது பாசத்துக்கு. மூன்றாவதுதான் வயிறு சொல்வது. முதல் இரண்டையும் காதில் வாங்காமல் போடுகிறவன்தான் விருந்து வைக்கிறவன்.

பாய்ந்து கொடியை நிமிர்த்தினான். அது நிற்காமல் விழுந்தது. ஐஸ்கிரீமில் குத்தி நட்டான். அடுப்பங்கரைக்கு ஓடி, ரிப்ஸ் தட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்தான். பின்னாலேயே பரிமாறுகிறவரும் பதறி ஓடிவந்தார்.

"உக்காருங்க ஐயா. நீங்க இன்னும் சாப்புடவே இல்ல."

ராஜாங்கம் உட்கார்ந்து தட்டை மூடினார். விரல் இடுக்கு வழியாக ஒரு எலும்பைச் செருகினான். கடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "போதும் தம்பி," என்றார். கை மட்டும் தட்டைவிட்டு நகர்ந்திருந்தது. இளமாறன் நான்கு வைத்தான். அப்புறம் வெகுநேரம் போதும் என்ற சொல்லே வரவில்லை, வாயில் இடமில்லை. மூணு மணி பஸ் அவர் இல்லாமலே போனது. பதினாலாவது எலும்பில் பெரிய ஏப்பம் விட்டு, மூன்றாவது போதும் சொல்லி, கொடியைப் பிடுங்கி அவரே சாய்த்தார்.

இனித் தாங்காது என்று இளமாறன் கேட்டேவிட்டான். "தர்ஷினிய எனக்குக் கட்டிக் குடுங்க ஐயா."

"இப்ப வேணாம் தம்பி."

அவனுக்கு உலகமே இருண்டது. தர்ஷினியைப் பார்த்தான். அவள் கூரையைப் பார்த்தபடி மேசை ஓரத்தில் ஒரு விரலை நீட்டியிருந்தாள்.

மறுபடி கேட்டான். இன்னா அவசரம், ஆடி போவட்டும் என்றார். இரண்டாவது விரலும் நீண்டது.

"குடுங்க மாமா," என்றான் மூன்றாம் முறை.

ராஜாங்கம் சாய்ந்து கிடந்த கொடியை எடுத்து, ஒட்டியிருந்த ஐஸ்கிரீமைத் துண்டால் துடைத்து, இளமாறன் முன்னால் நிமிர்த்தி வைத்தார்.

"மாப்ள இன்னும் ஒண்ணுமே சாப்புடல," என்றார் பரிமாறுகிறவரிடம். "வைங்க."

இளமாறன் தட்டின்மேல் கையை விரித்துப் போதும் என்றான். பரிமாறுகிறவர் அதைக் காதிலேயே வாங்கிக்கொள்ளவில்லை.