புறா இறங்கும் நேரம்

ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தாலே நூர்குலுக்குப் பயம். வாரம் முழுக்க மருந்துக்கடையில் கால் கடுக்க நிற்பவள், ஞாயிறானால் பெல்ஜியத்தின் கெங்க் நகரத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் ஒருகாலத்தில் குளித்த பழைய கூடத்தைத் திறந்து, சம்பளமில்லாமல் இளைஞர் மன்றம் நடத்துகிறாள். பள்ளிக்கூடம் துரத்தியவர்கள், வீட்டில் கால் நீட்ட இடமில்லாதவர்கள், போலந்துக்காரர் வீட்டுப் பிள்ளைகள், மொராக்கோக்காரர் வீட்டுப் பிள்ளைகள் என்று எல்லாரும் அங்கேதான். ஆனால் அவள் பயந்தது பிள்ளைகளுக்கு இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் இத்தாலிக்காரர் ஃபியோரென்ஸோவின் புறாக்களுக்கு.

பந்தயப் புறா எவ்வளவு வேகமாய்ப் பறந்து வந்தாலும், தன் கூண்டுக்குள் கால் வைத்தால்தான் கணக்கு. சத்தம் கேட்டால் கூரையில் உட்கார்ந்து ஊரை வேடிக்கை பார்க்கும். மன்றத்துப் பந்துச் சத்தத்தால் ஏற்கெனவே இரண்டு பந்தயங்களைக் கோட்டை விட்ட ஃபியோரென்ஸோ, நகராட்சியில் புகார் கொடுத்துவிட்டார். இன்னொரு புகார் வந்தால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று நகராட்சி சொல்லிவிட்டது. அப்புறம் இந்தப் பிள்ளைகளுக்குப் பேருந்து நிறுத்தத்து மூலைதான் கதி. அங்கே யார் என்ன விற்கிறார்கள் என்பது மருந்துக்கடைக்காரிக்குத் தெரியாதா?

காலையிலேயே மனுஷர் வேலியோரம் வந்து நின்றார். "இன்னைக்குத் தெற்கு பிரான்ஸ்ல இருந்து பறக்குற பந்தயம். என் சாம்பல் புறா, சாம்பல்காரி வர்றா. ஒரு சத்தம் கேட்டுச்சு, நாளைக்குக் காலையில நகராட்சி வாசல்ல நிப்பேன்."

"ஒரு ஈ கூடப் பறக்காது, மாமா."

"ஈ பறந்தா பறக்கட்டும். உன் பட்டாளத்தோட வாயை மூடு."

அவர் சாப்பிட உள்ளே போன நேரம் பார்த்து, பிள்ளைகள் ஒரு மூட்டையைப் பிரித்தார்கள். பழைய படுக்கை விரிப்புகளைச் சேர்த்துத் தைத்து, பச்சை, வெள்ளை, சிவப்புச் சாயம் பூசிய நீளமான துணி. யோசனை சூஃபியான் என்ற பையனுடையது.

"அவங்க நாட்டுக் கொடி, அக்கா. பார்த்தா மனுஷன் உருகிடுவாரு."

நூர்குலும் உருகிப்போனாள். வேலி நெடுகக் கட்டச் சொன்னாள். பிறகு எல்லாரும் சுவரோரம் உட்கார்ந்தார்கள். தன் வாயின் மேல் தனக்கே நம்பிக்கையில்லாத சூஃபியான், முழு ரொட்டியை அதற்குள் திணித்துக்கொண்டான்.

ஃபியோரென்ஸோ வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வரவும், சாம்பல்காரி வானத்தில் தெரியவும் சரியாக இருந்தது. ஒரு வட்டம் போட்டாள். இன்னொரு வட்டம் போட்டாள். கூண்டை விட்டுவிட்டு மன்றத்தின் கூரையில் போய் உட்கார்ந்தாள்.

"யாரும்மா இந்தக் கர்மத்தைக் கட்டினது?" ஃபியோரென்ஸோ கிசுகிசுத்தே அலறினார். "புதுசா ஒரு கைக்குட்டை தொங்கினாலே அவ இறங்கமாட்டாளே!"

"உங்க நாட்டுக் கொடிதானே, மாமா..."

"புறாவுக்கு ஏது நாடு? அவ பெல்ஜியத்துல பொறந்தவ!"

பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்தது.

முதலில் அசைந்தது போலந்துப் பெண் வியோலெட்டாதான். புல்லில் வயிற்றால் ஊர்ந்து போய், முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். துணி மெல்லச் சரிந்தது. காற்றில் ஒரு முனை எழும்பியதும் சூஃபியான் அதன்மேல் குப்புற விழுந்தான். ஒருத்தரும் தும்மக்கூட இல்லை. சாம்பல்காரி தலையைச் சாய்த்துப் பார்த்தாள், யோசித்தாள், ஒருவழியாகக் கீழே இறங்கிக் கூண்டுக்குள் நுழைந்தாள். வந்த நேரத்தைக் குறிக்கும் கருவி கீச்சென்றது.

ஃபியோரென்ஸோ பின்னாலேயே உள்ளே போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது புறா கையில் இருந்தது. முகத்தில் சிரிப்பில்லை.

"போச்சு. இவ கூரையில உட்கார்ந்திருந்த நேரத்துல எல்லாம் போச்சு."

"தப்பு என்னோடது, மாமா. பசங்களை ஒண்ணும் சொல்லாதீங்க."

அவர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். "அந்தப் பய ஏன் இன்னும் குப்புறக் கிடக்கான்?"

சூஃபியான் ஏதோ சொன்னான். ரொட்டிதான் கேட்டது.

"நீங்க சொல்ற வரைக்கும் அசையமாட்டானாம்," என்றாள் வியோலெட்டா.

ஃபியோரென்ஸோவின் மீசை துடித்தது. "என் பொண்டாட்டி கூட எனக்காக இவ்வளவு நேரம் வாயை மூடினதில்ல."

நூர்குல் துணிந்து கேட்டாள். "நாளைக்கு நகராட்சிக்குப் போறீங்களா, மாமா?"

"போறேன்."

அவள் மன்றத்துச் சாவியைக் கையில் எடுத்தாள்.

"போகாம? புகாரைத் திருப்பி வாங்கணும்னா நேர்ல வரணுமாம், எழவு."

போன உயிர் திரும்பி வந்ததுபோல நூர்குல் படியில் தொப்பென்று உட்கார்ந்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. துடைக்கத் தோன்றவில்லை. பிள்ளைகள் இன்னும் சுவரோரம் மூச்சுக்காட்டாமல் இருந்தார்கள்.

"அவதான் உள்ள போயிட்டாளே," என்று ஃபியோரென்ஸோ அவர்களைப் பார்த்து அதட்டினார். "இன்னும் என்னடா மௌன விரதம்? பந்தை எடுங்க!"

வாரா வாரம் "கத்தாதீங்க, கத்தாதீங்க" என்று பிள்ளைகளின் உயிரை வாங்கிய நூர்குல்தான் அன்று எல்லாருக்கும் முன்னால் கத்தினாள்.