வழிமொழிய ஒருவர்

1
என் கோழைத்தனத்தில் பிறந்த கதை இது. உட்கார்ந்தது என்னவோ ஜப்பானிய அரசியலைப் பற்றி எழுதத்தான்.

முதல் வரி: ‘டோக்கியோவில் அன்று மழை பெய்து…’ (டோக்கியோவை நான் கண்டதே இல்லை. அந்த வரியை வெட்டிவிட்டேன்.)

2
பாரிஸின் லா சப்பலில் ஜப்பானைக் கரைத்துக் குடித்தவர் இராஜேந்திரன். பத்தொன்பது வருடமாக ஒரு ஜப்பானிய உணவகத்தில் மீன் வெட்டுகிறார், தகுதி அவ்வளவுதான். எங்கள் பழைய மாணவர் சங்கத்துக்குப் பதினான்கு வருடத் தலைவரும் அவரே. தேநீர்க் கடையில் முழங்குவார்:

“தேர்தலிலை ஆளுங்கட்சி அடிவாங்கினது, பிரதமர் விலகிட்டார். தலைமைக்கு அஞ்சு பேர் போட்டி, கடைசியிலை ஒரு பொம்பிளை வெண்டிட்டா. இருபத்தாறு வருசக் கூட்டாளிக் கட்சி கழண்டிட்டுது, உடனை வேறை கட்சியோடை கூட்டு. நாங்கள் மாசாமாசம் மெற்றோவுக்கு நவிகோ அட்டை நிரப்புற மாதிரி அவங்கள் ஆளை மாத்துறாங்கள். அதுதானடா சனநாயகம்!”

“ஓம் அண்ணை” என்பேன்.*

* பதினான்கு வருடமாக.

3
(இங்கே நீண்ட கட்டுரை ஒன்று இருந்தது. மிச்சம் இவ்வளவுதான்: அங்கே அந்தக் கட்சித் தலைமைக்குப் போட்டியிட இருபது எம்பிக்களின் ஆதரவு வேண்டும். எங்கள் சங்கத்தில் முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர். ஒவ்வொரு முறையும் இராஜேந்திரனை வழிமொழிந்தவன் நான். ‘ஏகமனதாக’ என்று அறிக்கை எழுதியவனும் நான்.)

4
சாம்பவியை முதல் வரைவில் அழவைத்திருந்தேன். பொய். ஆறு வருடம் புறநகர் சார்செலிலிருந்து வந்து, செயலாளராகச் சங்கத்தின் வேலையெல்லாம் இழுத்தவள் அவள். இந்த முறை தலைமைக்கு நின்றாள். கூட்டத்துக்கு முன்பே ஆண்டு மலர் அச்சாகி வந்திருந்தது: ‘புதிய தலைவர்’ என்று இராஜேந்திரனின் படத்தோடு. ஒருவருக்கும் அது பிழையாகப் படவில்லை.

சங்க உறுப்பினர் அனுஜா அவளை முன்மொழிந்தாள்.

“வழிமொழிய ஆர்?” கேட்டது இராஜேந்திரனேதான். “ஒருத்தரும் இல்லையெண்டால் பேர் விழும்.”

நாற்பது பேர் கைபேசியைப் பார்த்தார்கள். சாம்பவி என்னைப் பார்த்தாள்.

“அண்ணை, நீங்கள்தானே என்னை நிக்கச் சொன்னனீங்கள்?”

5
முடிவு அ: நான் எழும்பினேன். (வாசிக்க நன்றாயிருக்கிறது. அதனாலேயே வெட்டினேன்.)

முடிவு ஆ: வேறு யாரோ எழும்பினார்கள். (அந்த நாற்பது பேரையும் எனக்குத் தெரியும்.)

முடிவு இ: சப்பாத்துக் கயிறு கட்டுவதுபோல நான் குனி…

வெட்கமாக இருக்கிறது. இதற்குமேல் எழுதமாட்டேன்.

வாசகரே, நாற்பத்தோராவது கதிரையில் உங்களை இருத்தியிருக்கிறேன். அவள் இன்னும் நிற்கிறாள். ஜப்பானென்றால் இன்னும் பத்தொன்பது பேரைத் தேட வேண்டியிருக்கும். இங்கே நீங்கள் ஒருவர் போதும். சும்மா என்னைத் திட்டிக்கொண்டிராமல் எழும்புங்கள், பார்ப்போம்.