யாருடைய மெனெஸ்ட்ரெல்?

அகதியாக வந்த யோசெப்பின் வாக்குமூலத்தைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்து எழுதிக்கொடுத்தவள் செலீன். மன்னாரில் ஒரு கூத்துக்குழுவோடு ஊர் ஊராகப் போய் ஆர்மோனியம் வாசித்துப் பிழைத்தவர் அவர். ‘தொழில்’ என்ற கட்டத்தில் வெறுமனே இசைக்கலைஞர் என்று போட அவளுக்கு மனம் வரவில்லை. அகராதியைப் புரட்டி ‘மெனெஸ்ட்ரெல்’ என்று எழுதினாள். நடுக்கால ஐரோப்பாவில் ஊர்சுற்றிப் பாடியவர்களின் பெயர் அது. எழுதும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

2007 பெப்ரவரியில் அவருடைய அகதி வழக்கு விசாரணைக்கு வந்தது. வரவேண்டிய மொழிபெயர்ப்பாளர் பனிப்புயலால் புறநகரான புரோசார்டில் அகப்பட்டுக்கொண்டார். கடைசி நேரத்தில் செலீனையே கூப்பிட்டார்கள்.

விசாரித்த அம்மையார் அந்தச் சொல்லின் கீழே பென்சிலால் இரண்டு கோடு இழுத்திருந்தார்.

“இந்தச் சொல் எதிலிருந்து வந்தது தெரியுமா? லத்தீனில் ஊழியன் என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து. மெனெஸ்ட்ரெல் என்றால் முதலில் ஒரு பிரபுவின் வீட்டுப் பணியாள். பாட்டெல்லாம் பிறகு வந்தது. சொல்லுங்கள், நீங்கள் யாருக்கு ஊழியம் செய்தீர்கள்?”

செலீன் யோசெப்பின் பக்கம் திரும்பினாள். “அண்ணை, நீங்கள் ஆருக்குக் கீழை வேலை செய்தனீங்கள் எண்டு கேக்கிறா.”

அவர் உடனே பதில் சொல்லவில்லை. அந்தத் தயக்கம் அவளுக்கே பிடிக்கவில்லை. எதையோ மறைக்கிறாரோ?

“நான் அப்பிடி ஒண்டும் சொல்லேல்லையே, பிள்ளை. நீங்கள் என்னத்தை எழுதினனீங்கள்?”

“என்ன சொல்கிறார்?” என்றார் அம்மையார்.

செலீன் அவர் சொன்னதை அப்படியே பிரெஞ்சில் சொன்னாள். பிறகு, “அது என்னுடைய சொல். அவர் ஆர்மோனியம் வாசித்தவர் என்றுதான் சொன்னார்” என்றாள்.

அம்மையார் பென்சிலை வைத்துவிட்டு அவளையே பார்த்தார். “இந்தப் பதினொரு பக்கத்தில் வேறு எவையெல்லாம் உங்களுடைய சொற்கள்?”

விசாரணை மே மாதத்துக்குத் தள்ளிப்போனது. வாக்குமூலத்தை வேறொருவர் புதிதாக மொழிபெயர்க்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள்.

வெளியே நடைபாதையில் செலீன் மன்னிப்புக் கேட்டாள். யோசெப் கோட்டுப் பொத்தான்களைப் போட்டபடி நின்றார்.

“அண்ணை, அவ கேக்கேக்கை ஏன் யோசிச்சனீங்கள்?”

“ஆமியும் வந்து வாசிக்கச் சொன்னது. இயக்கமும் சொன்னது. துவக்கை நீட்டிக் கேட்டா மாட்டன் எண்டு சொல்லேலுமே? நீங்கள் இதையும் போய்ச் சொல்லுவியளோ?”

“நீங்கள் சொல்லாமல் நான் சொல்லமாட்டன்.”

அவர் நம்பியதாகத் தெரியவில்லை. மெற்றோ நிலையத்துக்குத் தனியாகவே நடந்தார்.

அதற்குப் பிறகு அந்த விசாரணை அலுவலகத்திலிருந்து செலீனுக்கு அழைப்பு வரவில்லை. ஓகஸ்டில் ஜான்-டலோன் சந்தையில், தக்காளிப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்த யோசெப்பைக் கண்டாள்.

“என்ரை வழக்கை ஏற்றுக்கொண்டிட்டினம், பிள்ளை. துவக்குக் கதையையும் நானே சொன்னனான். அந்த அம்மா கனநேரம் எழுதினவ.”

செலீனுக்கு உடம்பிலிருந்து பாரம் இறங்கியதுபோல இருந்தது. “இனி ஊரிலை இருக்கிற உங்கடை மனிசியை இஞ்சை கூப்பிட வேணுமே அண்ணை. விண்ணப்பப் பத்திரங்களை நான் நிரப்பித் தரட்டே?”

யோசெப் ஒரு பையில் நல்ல தக்காளியாகப் பார்த்துப் போட்டு அவளிடம் நீட்டினார்.

“அதை வேறை ஆளிட்டைக் குடுத்திட்டன், பிள்ளை” என்றார்.