பழனி டப்பா

மூன்று பட்டையாக அவள் நெற்றியில் இருக்கிறார் அவர், மேகம் வந்து மூடுகிறது, விலகுகிறது, மூடும்போது தெய்வாத்தாளைக் காணோம், பட்டை மட்டும் மிதக்கிறது, விலகும்போது மூச்சிரைக்க நிற்கிறாள் என் நாத்தனார், அவருடைய ஒரே தங்கை, ஒன்றும் அறியாமல் டப்பாவை மூடி என்னிடம் நீட்டுகிறாள், நறநறன்னு இருக்குதுங் நங்கையா, இது எந்தக் கோயில் திருநீறுங்.

நான் வாங்கவில்லை, கை வரவில்லை. பூட்டான் மலையில் பாதி ஏறிய இடத்தில், பைன் மரத்தடியில், தலை சுத்துது, திருநீறு வெச்சிருக்கீங்களா என்று கேட்டுக்கொண்டே என் பைக்குள் கைவிட்டாள், நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தேன், திரும்பினால் பூசியாகிவிட்டது. பழனி டப்பாதான், விமான நிலையத்தில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று நான்தான் அதில் போட்டுவைத்தேன், ஆனால் உள்ளே இருப்பது பழனியில் கொடுத்ததல்ல, மூன்று வருடத்துக்கு முன் பவானி கூடுதுறையில் படி இறங்கும்போது அஸ்திக் கலயத்துக்குள் நான் கைவிட்டு, ஒரு பிடி அள்ளி, முந்தானையில் முடிந்துகொண்ட என் கணவர். அன்று இவள்தான் மேல்படியில் நின்று சொல்லிக்கொண்டிருந்தாள், துளி மிச்சமில்லாமக் கரைக்கோணுமுங், மிச்சம் வெச்சா அண்ணன் போகவும் முடியாது இருக்கவும் முடியாது, அல்லாடிப்போயிரும், நான் தலையாட்டினேன், இடுப்பில் அந்த முடிச்சு சுட்டது, இன்னும் சுடுகிறது.

எடுத்துவைத்தது ஒரு காகிதத்துக்காக. அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூட்டில் மடித்திருந்தது, பூட்டானில் பார்க்க வேண்டியவை என்று நாலே வரி, திம்பு பெரிய புத்தர், டோச்சுலா கணவாய், புனாகா கோட்டை, பாரோ புலிக்குகை, டிக்கெட் போட்டரலாமா என்று கேட்ட வாரமே மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். சாமி இல்லைங்கற ஆளுக்குப் புத்தர் எதுக்குங் என்று அப்போது கேட்டேன், அவரு சாமியே இல்ல, அதுக்குத்தான் என்று சிரித்தார், சிரிக்கிறார், சுற்றுலா வேனில் என் பக்கத்து இருக்கையில் வெயிலாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வருகிறார். புத்தர் காலடியில் தூவலாமென்று டப்பாவைத் தொட்டேன், நங்கையா, ஒரு போட்டோ எடுங்க என்று வந்து நின்றாள், கணவாயில் நூற்றெட்டுத் தூபியையும் எண்ணி முடிக்கும்வரை என் கையை விடவேயில்லை, புனாகாவில் ஆண் ஆறும் பெண் ஆறும் கூடுகிற இடத்தில், அப்படியே நம்ம கூடுதுறைங், அண்ணன் இங்க எங்கியோ நிக்கறாப்பல இருக்குது என்றாள், நான் பையை மார்போடு இறுக்கிக்கொண்டேன்.

இனி மறைக்க இடமில்லை, சொன்னேன், தெய்வாத்தா, அது திருநீறு இல்ல, உங்கண்ணன். அவள் கை நெற்றிக்குப் போய்ப் பாதியில் நின்றது, மேகம் வந்து மூடிற்று, உள்ளேயிருந்து குரல் மட்டும், அன்னிக்கு முழுசாக் கரைக்கலீங்களா. கொஞ்சம் வெச்சுக்கிட்டேன். மூணு வருசமாவா. ஆமா. பிறகு ஒரு சத்தம், அழுகிறாள் என்று நினைத்தேன், விலகியதும் பார்த்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள், கண்ணீரும் வழிகிறது, திருநீறு வெக்க மாட்டேன்னு அப்பன்கிட்ட வெளக்குமாத்துல அடி வாங்குன ஆளுங், இன்னிக்கு அதுவே திருநீறா நெத்தியில ஏறி உக்காந்துக்கிச்சே. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, மூன்று வருடத்துச் சிரிப்பு, நிற்க மாட்டேனென்கிறது. கோவமில்லையா என்றேன். மிச்சமிருந்தா அல்லாடும்னு நெனச்சேன், இது ஊரு சுத்திப் பாத்துட்டு இருந்திருக்குது, வாங்க, நாலாவதையும் காட்டிப்போடலாம்.

புலிக்குகைக்கு முன்னால் பாறையிலிருந்து அருவி விழுகிறது, குறுக்கே சின்னப் பாலம், நீங்களே போடுங்க, மேல்படியில நின்னு அதட்ட மாட்டேன், பக்கத்துலயே நிக்கறேன் என்றாள், நான் டப்பாவைக் கவிழ்த்தேன், காற்று கொஞ்சம் எடுத்தது, மிச்சத்தை அருவி எடுத்துக்கொண்டது, இடுப்பில் எதுவும் சுடவில்லை. அவள் முகத்தைச் சாரலுக்கு நீட்டினாள், மூன்று பட்டை இரண்டாகி, ஒன்றாகி, மூக்கோரம் வழிந்து, தாடையில் சொட்டி அருவியோடு போகிறது, மேகம் வந்து மூடுகிறது, விலகுகிறது, ஈரமாக மினுங்கும் வெறும் நெற்றி, பட்டையில்லாமல், அப்படியே அவருடைய நெற்றி.